பட்டாயாவில் குருத்துப்பூச்சி

அந்த வருஷம் எங்கள் பக்கத்துக் கரும்பில் குருத்துப்பூச்சி விழுந்தது. அதனால் நான் தாய்லாந்து போனேன்.

எங்களுக்குக் கள்ளக்குறிச்சியில் உரக்கடை. வீடு கச்சிராயபாளையத்தில். பூச்சி விழுந்ததும் கச்சிராயபாளையம், வடக்கனந்தல் கரும்புக்காரர்கள் எல்லோரும் எங்கள் கடையில் வந்து விழுந்தார்கள். மருந்து டின் போன வேகத்தைப் பார்த்துக் கம்பெனிக்காரர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஜீப்பில் ஒரு ஆளை அனுப்பி, "இதத் தெளிக்கிறாங்களா, குளிக்கிறாங்களா?" என்று விசாரித்தார்கள். விசாரணை முடிந்த மறுமாதம் கடிதம் வந்தது. அதிகமாக விற்ற டீலர்களுக்கு ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணம். இடம்: பட்டாயா கடற்கரை. கூடவே ஒரு வழவழப்பான அட்டை. அதில் நீலக் கடல், சாய்ந்த தென்னை, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்.

அப்பா அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தென்னமரம் பாக்க அவ்ளோ தூரம் போவணுமா?" என்றார். அவர் வெளியூரில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அதனால் நான் போவதாக முடிவானது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஆண்களைத்தான் எனக்குப் பிடிக்கும் என்பது பதினைந்து வயதிலேயே எனக்குத் தெரியும். இப்போது அதற்கு நல்ல தமிழில் நீளமாக ஒரு சொல் செய்து பத்திரிகைகளில் மரியாதையாக எழுதுகிறார்கள். அப்போது எங்கள் ஊரில் இருந்தவை எல்லாம் வசவுகள். வசவுக்குள் போய்த் தன்னைத் தேடிக்கொள்ள யாருக்குப் பிடிக்கும்? கோமுகி அணையில் குளிக்கிற ஆட்களைப் பார்ப்பேன். பார்க்காத மாதிரி வீட்டுக்கு வருவேன். அம்மா நீட்டுகிற பெண் போட்டோவில் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லுவேன். மூக்கு, உயரம், பல், ஜாதகம். ஐந்தாறு வருஷத்தில் ஒரு பெண்ணைப் பற்றி எத்தனை குறை சொல்ல முடியுமோ அத்தனையும் சொல்லித் தீர்த்திருந்தேன். பாவம், அந்தப் பெண்கள் யாரிடமும் ஒரு குறையும் கிடையாது.

கடைசியாக வந்த போட்டோ மட்டும் திரும்பிப் போகாமல் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அது திருக்கோவிலூரில் உரக்கடை வைத்திருந்த ஒருவருடைய மனைவியின் தங்கை. அந்த மனிதருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். நெற்றி நிறைய விபூதி, கையில் தங்கக் காப்பு, வாயில் எப்போதும் யாராவது ஒரு சாமியின் பேர். ஒரு வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, எங்க கொழுந்தியாளுக்கு ஒரு பதில் சொல்லாமலே இருக்கிறியே" என்பார். அவரும் டார்கெட்டைத் தாண்டியிருந்தார். அவரும் பட்டாயா வந்தார். இருவருக்கு ஓர் அறை என்று கம்பெனி போட்ட பட்டியலில், என் பேருக்கு எதிரே அவர் பேர் இருந்தது.

பயணத் தேதி வந்தது. கூடவே சாலை மறியலும் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்கப் போராட்டம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பால் வண்டி இல்லை. சில ஊர்களில் போலீஸ் சுட்டதாகச் செய்தி வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெருவில் குடிசைகள் எரிந்ததாகவும் சொன்னார்கள். யார் வைத்த தீ என்று கேட்டால் எல்லோரும் காற்றைக் கை காட்டினார்கள்.

விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போதே சூட்கேஸை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சின்னசேலம் ரயிலடிக்குக் கிளம்பினேன். வழியில் நான்கு மரம். மூன்றில் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கித் தாண்டினேன். நான்காவது மரத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் என்னோடு பத்தாம் வகுப்புவரை படித்தவன். சட்டை இல்லை. தோளில் கோடாலி, உடம்பெல்லாம் வேர்வையும் மரத்தூளும். போராட்டத்தின் நியாயம் பற்றி எனக்கு அதுவரை பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. அந்த நிமிஷம் முழு ஆதரவு கொடுத்துவிட்டேன்.

"இன்னாடா, பெட்டியும் கையுமா? எங்க?"

"தாய்லாந்து."

"அது எங்க? தியாகதுருகம் தாண்டியா?"

"அதையும் தாண்டிப் போவணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மரத்திலிருந்து குதித்து என் சூட்கேஸை ஒரு கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். "எங்க பங்க வாங்காம நாங்க நவுர மாட்டோம்" என்றான். மரத்தில் இருந்த இன்னொருவன், "ஆமா, நீ எந்த லிஸ்டுல வர்ற?" என்று கேட்டான்.

அவன் கேட்டது சாதியை. நான் அதற்குப் பதில் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. ஊரே ஒன்று சேர்ந்து, எங்களை எண்ணிப் பார், எங்களுக்கு உண்டானதைக் கொடு என்று மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறது. என்னைப் போன்றவர்கள் எண்ணச் சொல்லி எழுந்து நின்றால், முதல் காரியமாக எங்களைத்தான் வெட்டிக் குறுக்கே போடுவார்கள். தவிர, மறியல் பண்ண ஆள் வேண்டுமே. எனக்குத் தெரிந்து மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் இருந்தேன்.

ரயில் எப்போது கிளம்பும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. அது நினைத்தபோது கிளம்பி, நினைத்த இடத்தில் நின்று, ஒன்றரை நாளில் என்னை மதராசில் இறக்கியது. கம்பெனி பிடித்திருந்த ஓட்டலில் திருக்கோவிலூர்க்காரர் இஸ்திரி கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தார். மறியலுக்கு ஒரு வாரம் முன்பே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். "ஊர்வலத்துல நாலு பேர் போட்டோ எடுக்கசொல்லோ நான் முன்னாடி நின்னுட்டேன். மரம் வெட்டசொல்லோ நமக்கு இன்னா வேல?" என்றார்.

பதினான்கு டீலர்கள். விமானத்தில் பாதிப்பேர் கண்ணை மூடிக் கந்தசஷ்டி சொன்னார்கள். மீதிப்பேர் பிராந்தி கேட்டார்கள். பாங்காக்கில் இறங்கி பஸ்ஸில் பட்டாயா போகிற வழியில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அட்டையில் காட்டிய நீலத்தைத் தேடினால், ரோட்டுக்கு இந்தப் பக்கம் மரவள்ளி, அந்தப் பக்கம் கரும்பு. மறுபடி மரவள்ளி, மறுபடி கரும்பு. கடல் தாண்டி, இரண்டு விமானம் மாறி, வடக்கனந்தலுக்கே வந்து சேர்ந்திருந்தோம். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "கரும்பு பரவால்ல, ஆனா யூரியா கம்மி" என்றார்.

கடலும் அட்டையில் இருந்த மாதிரி இல்லை. மழைக்காலம். தண்ணீர் கழுநீர் நிறத்தில் இருந்தது. மணலில் வெள்ளைக்காரர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வெயில் வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மிளகாய்ப் பழமாகச் சிவந்துபோய், புரண்டு மறுபக்கத்தைக் காட்டினார்கள். எங்கள் ஊரில் உடம்பு இந்த நிறத்துக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவார்கள். எங்கள் டீலர்கள் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால்வரை இறங்கி, உள்ளங்கையில் கடல்தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டு ஏறினார்கள். ஒருவர் பாட்டிலில் பிடித்தும் வைத்துக்கொண்டார்.

கம்பெனி மேனேஜர் எங்களை உட்கார வைத்து, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று பேசினார். பேசி முடித்ததும் குடும்பம் மொத்தமும் மசாஜ் கடையைத் தேடிக் கிளம்பியது. என்னையும் கூப்பிட்டார்கள். கல்யாணமாகாத ஆள், இதைவிட்டால் எப்போது பார்ப்பாய் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். "வயித்தால போவுதுங்க" என்றேன். திருக்கோவிலூர்க்காரர் மட்டும் அவர்களோடு போகவில்லை. குளித்து, விபூதி பூசி, "இங்க நாலு மொகத்து பிரம்மா கோயில் இருக்குதாம், கும்புட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினார். "பாருங்கய்யா, மனுஷன்னா இவரு" என்று மசாஜுக்குப் போகிறவர்களே அவரைப் புகழ்ந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் கம்பெனி கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு கடற்கரையோடு நடந்தேன். ரொம்ப தூரம் நடந்ததும் கூட்டம் குறைந்தது. கோடியில் வரிசையாகக் குடைகள், சாய்வு நாற்காலிகள். அங்கே ஒரு பெண்கூட இல்லை. எல்லாம் ஆண்கள். இரண்டு பேர் ஒரே துண்டில் கை கோத்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்குப் பழம் நறுக்கி ஊட்டினார். இதை நான் இந்த உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் ஆண்கள் ஆண்களோடு காலையிலிருந்து சாயங்காலம்வரை தோளில் கை போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள். பெண்டாட்டியோடு ஒரு மணி நேரம் பேசாதவன் சினேகிதனோடு எட்டு மணி நேரம் பேசுவான். அதற்கு யாரும் பேர் வைப்பதில்லை.

ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் அறுபது வயது ஜெர்மன்காரர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். அவர் முதுகில் நாற்பது வயதுத் தாய்லாந்துக்காரர் ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் இந்தியா என்றதும் ஜெர்மன்காரர் எழுந்து உட்கார்ந்து என்னைக் கும்பிட்டார். ஞான பூமி என்றார். தியானம் செய்வாயா என்று கேட்டார். பூச்சிமருந்து விற்பேன் என்றேன். அது காதில் விழாத மாதிரி, உங்கள் நாட்டில் உன்னைப் போன்றவர்கள் மூச்சுவிட முடியாது, இங்கேதான் மனிதனுக்கு விடுதலை, நீ ஊருக்குப் போகாதே என்று எனக்குள்ள அரைகுறை இங்கிலீஷுக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நல்ல மனிதர்தான். எண்ணெய் தேய்க்கிறவரைக் காட்டி, இவர் பேர் என்ன என்று கேட்டேன். ஜெர்மன்காரர் யோசித்தார். தெரியவில்லை. ஒன்பது நாளாகத் தேய்க்கிறாராம். விடுதலை பற்றி அவர் சொன்னதில் எனக்கு மிச்சம் புரிய வேண்டியதும் அப்போது புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து நிலக்காரர்களும் இப்படித்தான். வரப்பில் உட்கார்ந்துகொண்டு, என் நெலத்துல எல்லாரும் சந்தோஷமா இருக்கிறாங்க என்பார்கள்.

நாற்காலி வாடகைக்காரர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, வெயிலில் கறுத்த முகம், முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்தார். தொப்பியில் இருந்த கம்பெனிச் சின்னத்தைத் தொட்டு, கையால் தெளிப்பான் அடிக்கிற மாதிரி காட்டினார். "சுகர்கேன்?" என்றார்.

"எஸ்" என்றேன். "சுகர்கேன்."

அவர் மணலில் உட்கார்ந்து விரலால் ஒரு கரும்புப் பயிர் வரைந்தார். நடுக்குருத்தைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்தார். அது சுலபமாகக் கையோடு வந்துவிட்டதாகக் காட்டி, மோந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செத்த குருத்து! இழுத்தால் கையோடு வரும், அழுகின நாற்றம் அடிக்கும். எங்கள் கடையில் தினம் பத்து பேர் இதையேதான் நடித்துக் காட்டுவார்கள். அவருக்குச் சொந்த ஊரில் கரும்பு இருந்ததாம். மூன்று பட்டம் தொடர்ந்து குருத்துப்பூச்சி விழுந்ததும் அதைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் குடை நட வந்துவிட்டார். எங்கள் கம்பெனி மருந்தைத்தான் அங்கேயும் அடித்திருக்கிறார்கள்.

"மெடிசின் குட்?" என்று கேட்டார்.

எத்தனையோ விவசாயிகள் என் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி. எல்லோரிடமும், "நம்பி எடுத்துக்கினு போங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்த மணலில் உட்கார்ந்து முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். மருந்து அப்புறம்தான். சீக்கிரம் நட வேண்டும், வேருக்கு மண் அணைக்க வேண்டும், காய்ந்த கரும்பிலையான சோகையைப் பயிருக்கு நடுவே பரப்பி மூட வேண்டும். இதற்கெல்லாம் எனக்கு இங்கிலீஷ் கிடையாது. அதனால் மணலையே வயலாக்கி, வரப்பு மாதிரி பார் பிடித்து, அணைத்து, கிடந்த தென்னங்கீற்றைப் பரப்பிக் காட்டினேன். அவர் கூடவே மண்ணை அணைத்தார். வெளிநாட்டுக் கடற்கரையில் சுற்றிலும் உலகத்து ஆண்கள் எல்லாம் சல்லாபமாகக் கிடக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இரண்டு மணி நேரம் கரும்பு விவசாயம் பண்ணினோம்.

அணைத்துக்கொண்டிருந்தபோதே அவர் கை என் கை மேல் வந்து நின்றது. எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பட்டப்பகல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் முதுகெல்லாம் கண். கச்சிராயபாளையம் டவுன் பஸ் பின்னால் வந்து நின்று, ஜன்னல் வழியாக எல்லாத் தலையும் எட்டிப் பார்க்கிற மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த பஸ்ஸும் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் மழை வலுத்துக் கடற்கரை காலியானது. குடைகளை மடித்துக் கட்ட நானும் கை கொடுத்தேன். பிறகு அவர் தங்கியிருந்த அறைக்குப் போனோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தகரக் கூரை, மழைச் சத்தம் ஜாஸ்தி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான்காவது நாள் வெயில் அடித்தது. அவரோடு நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது குடைக்குக் கீழே ஒரு மனிதர் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரர் அவருக்கு நுங்கு மாதிரி ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தார். படுத்திருந்தவரின் கை துண்டுக்கு வெளியே நீண்டது. அதில் தங்கக் காப்பு.

நான் நின்றுவிட்டேன். துண்டு விலகியது. விபூதி அழியாமல் இருந்தது.

முதலில் அவர்தான் பேசினார்.

"தம்பி... காத்து வாங்க வந்தேன்."

"நானும்தாங்க."

"வயித்தால போவுதுன்னு சொன்ன?"

"நின்னுடுச்சுங்க. பிரம்மா கோயில் இன்னாச்சுங்க?"

"நட சாத்திட்டாங்க" என்றார். எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு, மீசைக்காரரைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். இதைச் சொல்ல வெட்கமில்லை. மாவட்டத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேர். அதுவும் திருக்கோவிலூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நேர் பஸ். பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டார், எல்லாவற்றையும் பேசலாம் என்று நினைத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முகம் கோயிலுக்குக் கிளம்பினபோது இருந்த மாதிரியே தெளிந்திருந்தது.

"உக்காரு மாப்ள" என்றார். அதுவரை தம்பி.

"இப்பதான் எனக்கு மனசு நெறைஞ்சிது. நீதான் எங்க வூட்டுக்குச் சரியான ஆளு. ஊருக்குப் போனதும் தட்டு மாத்திக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. "இன்னாங்க சொல்றீங்க? என்னைய அங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்ததாலதான் சொல்றேன். வேற எவனாவது மாப்பிள்ளையா வந்தா நான் பயந்துக்கினே இருக்கணும். நீ என்னைய சொல்ல மாட்ட, நான் உன்னைய சொல்ல மாட்டேன். குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சுது. வருஷா வருஷம் டார்கெட் அடிச்சிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடலாம்."

"கல்யாணம் எப்படிங்க...?"

"எப்படின்னா? எனக்கு மூணு பசங்க இருக்குது. கண்ண மூடிக்கினா எல்லாம் முடிஞ்சுது."

"உங்க வூட்டுக்காரம்மா?"

"அவளுக்கு இன்னா கொற? மெத்த வூடு, நக, வாரத்துக்கு ஒருக்கா சினிமா."

"அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?" என்றார். உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை. கொழுந்தியாள் என்பது அவருக்கு ஒரு ஆள் இல்லை, இரண்டு கடைக்கு நடுவே போட வேண்டிய ஒரு பாலம். புரிந்ததும், "அதுக்கு இன்னா தெரியும், சின்னப் பொண்ணு" என்றார்.

"நான் கட்டிக்க மாட்டேங்க" என்றேன்.

அவர் கடலைத் தோலை ஊதித் தள்ளினார். "ஊருக்கு வா. பாத்துக்கலாம்."

கிளம்பும் நாள் காலையில் நாற்காலிக்காரர் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்திருந்தார். டீலர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் கை குலுக்க மட்டும்தான் முடிந்தது. தொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். "யாரு அது?" என்று மேனேஜர் கேட்டார். "கரும்புக்காரருங்க" என்றேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. இங்கே வந்தும் தொழிலை விடாத ஒரே டீலர் நான்தான் என்று பஸ்ஸில் கை தட்டச் சொன்னார்.

நாங்கள் திரும்பியபோது ரோடு திறந்திருந்தது. திருக்கோவிலூர்க்காரர் சொன்னபடியே பத்து நாளில் தட்டோடு வந்தார். பழம், பூ, மனைவி, இரண்டு பெரியவர்கள். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. காபி போட்டு, கூடத்தில் பாய் விரித்து, என்னைப் புதுச் சட்டை போடச் சொன்னாள். நான் பழைய சட்டையோடு வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குக் கல்யாணம் வேணாங்க. இந்தப் பொண்ணு இல்ல, எந்தப் பொண்ணும் வேணாம்" என்றேன். இந்த முறை மூக்கில் குறை இல்லை, பல்லில் குறை இல்லை. சொல்லி முடித்ததும் நானே ஆச்சரியப்பட்டேன்.

அவர் முகம் கறுத்தது. என்னையே பார்த்தார். அவர் வாயில் உண்மை வந்து முட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். அதை வெளியே விட்டால் அது அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். விழுங்கிக்கொண்டு, எழுந்து நின்று, எங்கள் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"சொல்லக்கூடாதுன்னு இருந்தேங்க. அங்க அஞ்சு நாளும் உங்க பையன் ரூமுக்கே வரல. பொம்பளைங்க... ஒண்ணா ரெண்டா! நான் எவ்ளோ புத்தி சொன்னேன் தெரியுங்களா? இந்த மாதிரி ஆளுக்கு எங்க பொண்ணக் குடுக்காம காப்பாத்துனது அந்த பிரம்மாதான்."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அழுதாள். அப்பா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கடையில் அவர் நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. யாரோ ஒருவர், "இன்னாங்க, பையன் சீமைல போயி..." என்று இழுத்தபோது, "இந்தக் காலத்துப் பசங்க, நாம இன்னா பண்றது" என்று சலித்துக்கொண்டார். சலிப்பில் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஒரு மாதத்தில் நான் மாவட்டத்தின் பேர்போன பொம்பளைப் பித்தன் ஆகிவிட்டேன். கரும்புக்காரர்கள் மருந்து வாங்கிவிட்டுப் போகாமல் நின்று, அங்கே எல்லாம் எப்படி என்று காதோரம் கேட்டார்கள். என் வகுப்புத் தோழன், அந்தக் கோடாலிக்காரன், பஸ் ஸ்டாண்டில் என் முதுகில் ஓங்கி அறைந்து, "மாவட்டத்து மானத்தக் காப்பாத்திட்டடா" என்றான். இத்தனை வருஷம் ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்க்காததற்கு என்னைச் சந்தேகமாகப் பார்த்த ஊர், பார்த்ததாகக் கேள்விப்பட்டதும் மரியாதை கொடுத்தது. செய்யாத தப்புக்கு இவ்வளவு வெகுமதி எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், பெண் போட்டோ வருவது அடியோடு நின்றது. அம்மாவுக்கு மட்டும் அது கடைசிவரை துக்கம்தான். அவளிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவே இல்லை. பொய் அவளைக் குறைவாகத்தான் வருத்தும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அதை நம்பவில்லை.

நான்கைந்து வருஷம் கழிந்திருக்கும். ஒரு நாள் பத்தரை மணி பஸ் வந்துபோன பிறகு கடைக்கு ஒரு பெண் வந்தாள். பருத்திப் புடவை, தோளில் பை, குடை. எங்கேயோ பார்த்த முகம். எங்கள் வீட்டு அலமாரியில் பார்த்த முகம்.

"பள்ளிக்கூடத் தோட்டத்துல கத்திரிச்செடி நட்டோம். எல ஓட்ட ஓட்டையா போவுது. ஜாஸ்தி வெஷம் இல்லாத மருந்தா ஒண்ணு குடுங்க. பசங்க பொழங்குற எடம்" என்றாள்.

போராட்டத்துக்குப் பிறகு இட ஒதுக்கீட்டில் வந்த புதுப் பிரிவில் அவளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. படித்து முடித்து கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வாரம் ஒருமுறை கீழே இறங்குகிறாள். கல்யாணம் ஆகவில்லையாம். "வந்த மாப்பிள்ளையெல்லாம் மாமாவே பாத்து வெரட்டி வுட்டுட்டாரு. ஒருத்தரு குடிப்பாரு, ஒருத்தருக்கு வெளியூர்ல தொடுப்பு. அவருக்கு ஒழுக்கம் முக்கியம்" என்றாள். சொல்லும்போது அவள் முகம் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டது.

நான் வேப்பெண்ணெயை எடுத்து வைத்தேன். "இது போதுங்க. சோப்புத் தண்ணில கலந்து அடிங்க. மருந்து வேணாம்." பிறகு என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன். "என்னப் பத்தி உங்க மாமா சொன்னது..."

"பொம்பள விஷயம்தான?"

"அது பொய்ங்க."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவள் கடைக்குள் ஒருமுறை பார்த்தாள். அப்பா சாப்பிடப் போயிருந்தார். "பொண்ணு கேட்டு வர்ற ஆம்பளைங்களும், பஸ்ஸுல பக்கத்துல நிக்கிற ஆம்பளைங்களும் எப்படிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் வந்து இவ்ளோ நேரம் ஆச்சு. நீங்க கத்திரிச்செடிய பத்தி மட்டும்தான் யோசிச்சீங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எங்க மாமாவும் அப்படித்தான். எங்க அக்கா எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கிறா. பதினேழு வருஷமா அவ வாரத்துக்கு ஒரு சினிமா பாக்குறா, தனியா" என்றாள்.

அவள் வேப்பெண்ணெயைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு வேணாம்னு சொன்னீங்க பாருங்க. எங்க வூட்டுல எல்லாரும் திட்டுனாங்க. நானும்தான் திட்டுனேன். அப்புறம் அக்கா சொன்னா." குடையை எடுத்தாள். "நீங்க மலைக்கு வந்தா பள்ளிக்கூடத்துக்கு வாங்க. பசங்க கரும்பு நட்டிருக்கிறாங்க. எல்லாம் கோணக்கோணையா வந்திருக்குது. வந்து ஒரு வழி சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். கரும்பு உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. நானும் அவளும் பிள்ளைகளோடு மத்தியானம்வரை மண் அணைத்தோம். திரும்பி வந்த மறுநாள் கள்ளக்குறிச்சி முழுக்கச் செய்தி: பொம்பளைப் பித்தன் மலையில் ஒரு டீச்சரைப் பிடித்துவிட்டான். அப்பாவுக்கு மறுபடியும் நடை மாறிவிட்டது.